கேட்டால் மட்டும் சொல்பவர்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருக்கவில்லை. 5.40க்கு இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டேன். 6.15க்குப் பதுளை பஸ் நிலையத்தில் வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 7.20க்கு, எங்கள் பிரதேச சபை இருக்கும் சிறு நகரத்தில் இறங்கினேன். சபையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நான் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். காலையில் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவேன், முந்தைய நாள் கடிதங்களைக் கோப்புகளில் சேர்ப்பேன், செயலாளரின் மேசையில் அன்றைய கோப்புகளை வைப்பேன். இந்த வரிசை மாறியதில்லை.

அன்று மாறியது. வாசல் கேட்டில் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். எல்லோர் கையிலும் வாளி, குடம், கலன். பாதிப் பேர் நகரத்தவர்கள். மீதிப் பேர் கீழே உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து ஏறி வந்தவர்கள். எங்கள் சபையின் குழாய்த் தண்ணீர்தான் அந்த லயங்களுக்கும் போகிறது. கேட்டின் உள்பக்கம், குடை பிடிக்காமல், நீர்ப்பகுதி மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்கய்யா தண்ணி வரல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நான் மூடிட்டேன்மா."

"ஏன் மூடினீங்க?"

"தண்ணில மலக்கிருமி இருக்குன்னு பதுளைலருந்து ரிப்போட் வந்திருக்கு."

"அப்ப குடிக்கக் கூடாதா?"

"நல்லாக் கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடிக்கணும். ஒம்பது மணிக்குத் தொறந்துருவேன்."

"நேத்து குடிச்சோமே ஐயா?"

"புள்ளைங்களுக்கு வயித்தால போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல வச்சுப் பாக்காதீங்க."

அவள் நகர்ந்தாள். அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்டார். அவர் அதே பதிலை, முதல் தடவை சொல்வது போலவே, முழுவதுமாகச் சொன்னார். நான் குடையோடு நின்று பதினொரு பேர் வரை கேட்டேன். பிறகு உள்ளே போய் ஒப்பமிட்டேன். அன்று ஏழு நிமிடம் பிந்திவிட்டது.

தோட்டத்தார் அவரைப் "பைப்பு ஐயா" என்றார்கள். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், ஸ்பிரிங்வெளி லயத்தில் பிறந்தவர். சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் குழாய் பொருத்தும் தொழிலாளியாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடத்தில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். ஒல்லியான உருவம். வால்வைத் திருப்பும் இரும்புச் சாவி, அவர் இடுப்பளவு நீளம், எப்போதும் தோளில் இருக்கும். யாராவது ஏதாவது கேட்டால் தலையைச் சற்றுச் சாய்ப்பார். கேள்வி முடியும்வரை குறுக்கிடமாட்டார். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். கேட்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்.

இது நல்ல குணமா என்று எனக்கு நீண்ட காலம் நிச்சயமில்லை. எங்கள் கணக்காளரின் மகள் கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது கணக்காளர் இலை இலையாக வந்து "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். எல்லோரும் "பிரமாதம்" என்றோம். இவர் தலையைச் சாய்த்து, "பருப்புல உப்பில்ல. மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்றார். கணக்காளர் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "கேட்டாரு, சொன்னேன்" என்றார்.

இன்னொன்று என் வீட்டில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைகழுவும் தொட்டியை மாற்றித்தரக் கேட்டு அவரைப் பதுளைக்கு அழைத்திருந்தோம். வந்து வேலையை முடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்துக் கூரைமேல் இருந்த தண்ணீர்த் தாங்கி வழிந்து சுவரெல்லாம் ஈரம். மறுநாள் அலுவலகத்தில் அவரிடம் சொன்னேன்.

"மிதவை ஒடைஞ்சிருக்கு மிஸ். அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க தொட்டியத்தானே மாத்தச் சொன்னீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் என்ன மனிதர் என்று கேட்டேன். அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். தோளிலிருந்த சாவியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "சின்னதுல எங்கப்பாகூடப் பெரட்டுக்குப் போவேன் மிஸ். காலைல ஆளுங்கள நிறுத்தி வச்சுப் பேர் போடுவாங்க. கூப்பிட்டா 'வந்தேங்க'ன்னு சொல்லணும். கேக்காம எவனாவது வாயத் தொறந்தா அன்னைக்கு அரைப் பேர்தான். அரை நாள் சம்பளம் போயிரும். எங்கப்பா ஒருதடவ கொழுந்து மட்டம் பாக்கிற மட்டக்கம்பு ஒடைஞ்சிருக்குன்னு தானாப் போய்ச் சொன்னாரு. ஒரு வாரம் பேர் விழல."

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கேள்வியாகவே கேட்கப் பழகிக்கொண்டேன். ஒருமுறை மட்டும் கேட்டதற்காக வருந்தினேன். பதவி உயர்வு நேர்முகத்தில் நான் மூன்றாம் தடவையும் தேறாத நாள். "எனக்கு ஏன் கிடைக்கல, உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன். "நீங்க யார் எதச் சொன்னாலும் ஆமாங்கிறீங்க மிஸ்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வசனத்தை எழுதவில்லை. இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

பத்திரிகைக்காரர்களிடம் யாரும் பேசக் கூடாது என்ற சுற்றுநிருபம் வந்ததும் அவரால்தான். 2023 ஏப்ரலில், எங்கள் நகரத்துச் செய்தியாளர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தியாளருக்குப் பிரதான தொழில் போன் திருத்தும் கடை. செய்தி எழுதுவது பக்கவேலை. "அண்ணே, வறட்சியில எத்தன வீட்டுக்குத் தண்ணி போகல?" என்று கேட்டிருக்கிறார். இவர் கேள்வி முடியும்வரை இருந்து எண்ணிக்கையைச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பத்திரிகையில், சபை அதிகாரி ஒருவர் கூறியதாக அது வந்தது. அதே வாரம் எங்கள் சபை, எல்லா வீடுகளுக்கும் தடையின்றி நீர் வழங்குவதாக மாகாணத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தது. தட்டச்சு செய்தவள் நான்.

அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலம். சபையைச் செயலாளரே நடத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கடுமையாக உழைப்பவர், எங்களுக்கு மெடம். அவர் சொல்லச் சொல்ல நான் சுற்றுநிருபத்தை எழுதினேன். செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி எந்த உத்தியோகத்தரும் ஊடகங்களுக்கு எத்தகவலையும் வழங்கலாகாது. மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. எல்லோரும் வாசித்து ஒப்பமிட்டார்கள். இவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு மெடத்தின் அறைக்குப் போனார்.

"மெடம், பேப்பர்காரங்களுக்குச் சொல்லக் கூடாது. ஜனங்க கேட்டா?"

"சனம் கேட்டால் சொல்லுங்கோ. அது உங்கட வேலைதானே. பேப்பருக்குத்தான் சொல்ல வேண்டாமெண்டது."

அவர் ஒப்பமிட்டார். அதன்பிறகு சுற்றுநிருபத்தை அவரைப்போலக் கடைப்பிடித்தவர் எவரும் இல்லை. ஜூலையில் அந்தச் செய்தியாளரின் வீட்டுக் குழாய் வெடித்தது. முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். இவர் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப அண்ணே தண்ணி வரும்?" என்றார் செய்தியாளர்.

"உங்களுக்குச் சொல்ல அனுமதி இல்லிங்க."

"என் வீட்டுத் தண்ணி அண்ணே!"

"மெடத்துக்கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க."

உள்ளே இருந்து செய்தியாளரின் மனைவி கையில் தேநீரோடு வந்தார். "எப்பங்கய்யா வரும்?"

"நாலு மணிக்கு வந்துரும்மா."

"பாத்தீங்களா மிஸ் அநியாயத்த?" என்று செய்தியாளர் என்னிடம் முறையிட்டார். "இருபது வருஷமா இவளுக்கு என்மேலே இல்லாத அதிகாரத்த இந்த மனுசன் ஒரு நிமிஷத்துல குடுத்துட்டாரு." மனைவி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. தண்ணீர் 3.50க்கு வந்தது.

நவம்பர் நடுப்பகுதியில் அடைமழை. மேலே ஊற்று இருக்கும் சரிவில் மண் சரிந்து, பக்கத்தில் இருந்த பழைய மலசலகூடக் குழியும் இடிந்தது. நீர் கலங்கி வந்தது. இவர் குளோரினைக் கூட்டிப் போட்டார். சேறு இருக்கும்வரை அது பிடிக்காது என்று, நான் கேட்டபோது சொன்னார். நீர் மாதிரி பரிசோதனைக்குப் பதுளைக்குப் போனது. 20ஆம் திகதி, திங்கள், பிற்பகல் 1.30க்கு முடிவு வந்தது. குடிக்க உகந்ததல்ல. 2.10க்கு அவர் ஒரு கடிதம் தந்தார். ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியை அனுப்பி, கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிக்க அனுமதி கேட்டிருந்தார். உட்கடிதப் பதிவேட்டில் பதிந்து, மெடத்திடம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை புதிய வடிகட்டித் தொட்டியைத் திறக்க மாகாணத்திலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. மெடம் கடிதத்தை வாசித்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மிஸ், இண்டைக்கு மைக் கட்டிச் சொன்னால் நாளைக்கு எல்லாப் பேப்பரிலயும் வரும். ரெண்டாவது மாதிரியின்ர முடிவு வியாழன் வருது. அது வரட்டும், வெள்ளி கழிய முறையா அறிவிப்பம். நாலு நாள்தானே."

"சரி மெடம்" என்றேன்.

வெளியே அவர் காத்திருந்தார். "என்ன சொன்னாங்க மிஸ்?"

"வெள்ளி கழியுமட்டும் பொறுக்கச் சொல்றாங்க."

அவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் 4.25 பஸ்ஸைப் பிடித்தேன். லயத்தில் யாருக்கும் தெரியாது, நகரத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், நாட்குறிப்பு எழுதினேன், தூங்கினேன்.

மறுநாள் விடியற்காலை அவர் பிரதான வால்வை மூடினார். தண்ணீர் வராமல் போனால் மலைநாட்டுச் சனம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். போன் செய்யமாட்டார்கள், கடிதம் எழுதமாட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்று, ஏன் என்று கேட்பார்கள்.

வரிசையில் செய்தியாளரும் மனைவியும் இருந்தார்கள். செய்தியாளர் வாயைத் திறக்கவே இல்லை. மனைவியின் முழங்கையை ஒருமுறை தட்டினார். மனைவி எல்லாவற்றையும் கேட்டார், எல்லாப் பதிலும் வந்தது. 8.35க்கு மெடம் வந்து இறங்கியபோது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தார்கள். அதற்குள் லயத்துக்கும் கடைவீதிக்கும் செய்தி பரவிவிட்டது. சரியாக ஒன்பதுக்கு அவர் வால்வைத் திறந்தார். அன்று மாலைக்குள் லயத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். வியாழன் வந்த இரண்டாவது முடிவும் முதலாவதைப் போலவே இருந்தது. திறப்புவிழா தள்ளிப்போனது.

பத்திரிகைக்குப் பேசினார் என்று குற்றம்சாட்ட வழி இருக்கவில்லை. அவர் பேசவில்லை. பொதுமக்கள் கூறினார்கள் என்றுதான் செய்தியில் இருந்தது. ஆகவே குற்றப்பத்திரம், அனுமதியின்றிப் பிரதான வால்வை மூடி நீர்வழங்கலைத் தடைசெய்தார் என்று வந்தது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அவருக்கு மார்ச்சில் அறுபது வயது, ஓய்வு. விசாரணையில் குற்றவாளி என்று கண்டால் ஓய்வூதியம் நிற்கும். ஸ்பிரிங்வெளியில் அவருக்குக் கிடைத்த ஏழு பேர்ச் அளவுக் காணித் துண்டில் வீட்டுச் சுவர் எழும்பி நின்றது. ஓய்வூதியப் பணம் வந்தால்தான் கூரை. அதுவரை அவரும் நோயாளி மனைவியும் லயத்து அறையில்தான்.

விசாரணை 2024 பெப்ரவரி 15, வியாழக்கிழமை. விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வாக்குமூலத்தைப் பதிய என்னை நியமித்தார்கள். காலையில் மெடம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மிஸ், அந்த மனுசனுக்கு ஒண்டும் வரக் கூடாது. வால்வு பழுது, திருத்த மூடினனான் எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும். நான் மறுக்கமாட்டன். விசாரிக்கிற ஐயாவுக்கும் விளங்கும்."

"சரி மெடம்" என்றேன். அந்தத் தடவை மனதாரச் சொன்னேன்.

நடையில் அவரைப் பிடித்தேன். "வால்வு பழுதான்னு கேப்பாங்க ஐயா. ஆமான்னு மட்டும் சொல்லுங்க. எல்லாரும் பேசிட்டாங்க."

"பழுது இல்லையே மிஸ்."

"அது எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கறாங்க?"

நான் விசாரணை அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

விசாரணை அதிகாரி மென்மையாகத்தான் ஆரம்பித்தார். எத்தனை வருட சேவை, எத்தனை தண்டனை, ஒன்றுமில்லையா, நல்லது. பிறகு கேட்டார்: "மலைத் தண்ணீர், பழைய குழாய். அன்று காலை வால்வில் ஏதோ பழுது இருந்திருக்கும். திருத்தத்தான் மூடினீர்கள், அப்படித்தானே?"

அவர் தலையைச் சாய்த்தார். கேள்வி முடிந்துவிட்டது என்று உறுதியான பிறகு சொன்னார்.

"இல்லிங்கய்யா. அது நல்ல வால்வு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே மாத்தினது."

"பின்னே ஏன் மூடினீர்கள்?"

"மூடினாத்தான் வந்து கேப்பாங்க."

"அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவா?"

"ஆமாங்க. எனக்கு மைக் கட்டிச் சொல்ல அனுமதியில்ல. கேட்டா சொல்ல அனுமதி இருந்துச்சு."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார். "பதிந்துவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை சேர்."

"நான் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறேன். முடித்து, வாசிக்கக் கொடுத்து, ஒப்பம் வாங்கி வையுங்கள்."

கதவு சாத்திய பிறகு நான் எழுதினேன்: "வால்வில் பழுது இருந்தமையால் திருத்துவதற்காக மூடினேன்." என் வாழ்நாளில், யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதியது அந்த ஒரு வரிதான். தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது. என் பேனாவைக் கேட்டு வாங்கினார். வரியின் மேல் நேர்கோடு இழுத்தார். மேலே, இடுக்கில், குழந்தை எழுத்துப் போன்ற உருண்டை எழுத்தில் எழுதினார்: "வால்வு நல்லது. மக்கள் கேட்பதற்காக மூடினேன்." திருத்தத்துக்குப் பக்கத்தில் முறைப்படி சிறு ஒப்பம், அடியில் முழு ஒப்பம்.

"ஏன் ஐயா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "வீட்டுக்குக் கூரை வேண்டாமா?"

அவர் முதல் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னார்.

"புதுத் தொட்டித் தண்ணி ரிப்போட் நேத்து வந்துச்சுல்ல மிஸ். சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை லயத்துக்குப் போய், இனிக் கொதிக்க வைக்க வேண்டாம், குடிங்கன்னு சொல்லணும். இன்னைக்கு வால்வு பழுதுன்னு சொல்லிட்டு அன்னைக்கு அதச் சொன்னா, யாரு நம்பிப் புள்ளைக்குக் குடுப்பாங்க?" பிறகு இரண்டாவதுக்கு வந்தார். "கூரை வேணும் மிஸ்."

ஓய்வூதியம் பதினான்கு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. கடைசியில் கண்டனக் கடிதம் ஒன்றோடு விட்டார்கள். அந்த வருட மழைக்காலத்தில் ஸ்பிரிங்வெளியில் சுவர்கள் தார்ப்பாய் போர்த்தி நின்றதை நானே பார்த்தேன். இப்போது கூரை இருக்கிறது. மனைவி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விசாரணை நாள் இரவு, நாட்குறிப்பில் நடந்ததை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. வாக்குமூலத்தில் அந்த வெட்டப்பட்ட வரி தெளிவாகத் தெரியும். வாசிப்பவர்கள், முதலில் பழுது என்று பொய் சொன்னவர் பயந்து மாற்றிக்கொண்டார் என்றே நினைப்பார்கள்.

மறுநாள், பெப்ரவரி 16, 7.24க்கு ஒப்பமிட்டேன். கடிதங்களைக் கோப்பில் சேர்க்கவில்லை, மெடத்தின் மேசைக்கும் போகவில்லை. முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வெட்டப்பட்ட வரி சாட்சி கூறியதல்ல, அவர் கூறாததை நானாக எழுதினேன் என்று எழுதி, பெயரும் பதவியும் இட்டு ஒப்பமிட்டு, வாக்குமூலத்தோடு குத்தி, விசாரணை அதிகாரிக்காகப் பதுளைக்குப் போகும் தபால் பையில் போட்டேன்.